எல்.ஏ. நுவார் வி.ஆர்.: மூன்று வருடம் துப்பறிந்த பிறகு

எல்.ஏ. நுவார் வி.ஆர். என்ற துப்பறியும் வீடியோ விளையாட்டை வாங்கிய மூன்றாம் நாளே பீரோவைக் குத்தினேன். விளையாட்டில் சந்தேக ஆசாமி ஒருவன் பாய்ந்து வர, தாடையைப் பார்த்து விட்ட குத்து அது. "என்னடா சத்தம்?" என்று அம்மா ஓடி வந்தபோது, நான் கண்ணை மூடிய வி.ஆர். (மெய்நிகர் உலகம் காட்டும்) ஹெட்செட்டோடு விரலை உதறிக்கொண்டு நின்றேன். அப்போதிலிருந்து தரையில் ஒரு பாயைப் போட்டு அதன் மேல்தான் நிற்கிறேன். கால் பாயைத் தாண்டினால் தெரிந்துவிடும்.

2011இல் வந்த விளையாட்டிலிருந்து ஏழு வழக்குகளை எடுத்து, 2017 டிசம்பரில் ராக்ஸ்டார் நிறுவனம் வெளியிட்ட வி.ஆர். பதிப்பு இது. களம் 1947இன் லாஸ் ஏஞ்சலிஸ். நீங்கள் கோல் ஃபெல்ப்ஸ் என்ற போலீஸ்காரர். பழைய விளையாட்டை டி.வி.யில் இரண்டு முறை முடித்தவன் நான். கதையில் எனக்குப் புதிதாக எதுவும் இல்லை. புதிதாகக் கிடைத்தவை கைகள்தான்.

துப்பாக்கியை எடுத்து, திருப்பி, முகத்துக்கு அருகில் கொண்டுவந்து வரிசை எண்ணைத் தேடவேண்டும். டி.வி.யில் விரல் நுனியோடு முடிந்த வேலை. இங்கே தடயம் எது, குப்பை எது என்று கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஊரிலிருந்து வந்த சித்தப்பாவுக்கு ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பாட்டிலைக் கையில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிணத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

விசாரணைதான் என்னை உலுக்கியது. நடிகர்களின் முகத்தை 32 கேமராக்கள் சூழப் பதிவு செய்திருக்கிறார்கள். உதடு துடிப்பது, பார்வை நழுவுவது எல்லாம் தெரியும். டி.வி.யில் அதைக் கூச்சமில்லாமல் உற்றுப் பார்ப்பேன். ஒரு கை தூரத்தில் ஆள் நின்றால் அப்படிப் பார்க்க முடியவில்லை. எதிரே நின்றவர் பேசும்போது கண்ணைத் தாழ்த்தியது நான்தான்! பொய்யை அப்படித்தான் தவறவிட்டேன். ஒருவர் பதில் சொன்னதும் நாம் எடுக்க வேண்டிய, முன்பு உண்மை, சந்தேகம், பொய் என்று இருந்த தேர்வுகள் இப்போது நல்ல போலீஸ், கெட்ட போலீஸ், குற்றச்சாட்டு என்று மாறியிருக்கின்றன. இந்தப் பெயர்கள் எவ்வளவோ பொருத்தம். ஆனால் 'கெட்ட போலீஸ்' எடுத்தால் ஃபெல்ப்ஸ் போடும் கத்தலில் எனக்கே தர்மசங்கடமாகிவிடும்.

கார் ஓட்டுவது வேறு கதை. கார் திரும்புகிறது என்று கண் சொல்லும், நீ நாற்காலியில்தானே இருக்கிறாய் என்று உள்காது சொல்லும். இரண்டும் சண்டை போட்டால் வயிறு புரளும். முதல் வாரம் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. எதிரே டேபிள் ஃபேனை வைத்து, வாயில் இஞ்சி மரப்பாவைப் போட்டுக்கொண்டு பழகினேன். இஞ்சியைவிட ஃபேன்தான் உதவியது என்று நினைக்கிறேன். காற்று முகத்தில் பட்டுக்கொண்டே இருந்தால் அறையில் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம் என்பதும் மறக்காது. அப்புறம், அமெரிக்காவில் ஸ்டியரிங் இடப்பக்கம். அதற்குப் பழகவே தனியாக ஒரு வாரம் ஆயிற்று.

ஏழு வழக்குகள் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் குற்றவாளி யாரென்று தெரிந்தேதான் விளையாட வேண்டும். எனக்கு அது பரவாயில்லை. புதிர் மட்டும் போதும் என்பவருக்கு இதன் விலை கட்டுபடியாகாது. கண்ணாடி போடுபவர்கள் அது ஹெட்செட்டின் லென்ஸில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், என் லென்ஸில் இரண்டு கீறல்கள் உண்டு. சித்திரை வெயிலில் நெற்றியில் ஒரு பருத்தித் துணியைக் கட்டாமல் ஹெட்செட்டை மாட்டவே மாட்டாதீர்கள். அதன் உள்பக்கப் பஞ்சில் வியர்வை ஊறினால் நாற்றம் லேசில் போகாது.