ஞாபகம் போனபின் செபிப்பது யார்? தெரேசாவும் பலமாஸும்

எங்கள் அப்பத்தாவுக்குக் கடைசி இரண்டு வருடம் ஞாபகம் சுத்தமாகப் போய்விட்டது. பெற்ற பிள்ளையையே “நீ யாரப்பா, எந்த ஊரு?” என்று கேட்டவர், கையில் செபமாலையைக் கொடுத்தால் மட்டும் வளவுத் தூணில் சாய்ந்துகொண்டு மணி மணியாக உருட்டிக்கொண்டே இருப்பார். அப்போது செபித்தது எது? மனமா, ஆத்துமாவா, வெறும் விரலா?

விவிலியத்தில் “ஆவி ஆத்துமா சரீரம்” என்று திருத்தூதர் பவுல் மூன்றைச் சொல்கிறார், மனத்தை அங்கே தனியாகச் சொல்லவில்லை. அந்த இடத்தை நிரப்பியவர்களில் எனக்கு நெருக்கமானவர்கள் இரண்டு பேர்.

முதலில் ஸ்பெயினின் கன்னியாஸ்திரி அவிலா தெரேசா. 1577-இல் எழுதிய நூலில் ஆத்துமாவை ஏழு உறைவிடங்கள் கொண்ட பளிங்குக் கோட்டையாகக் காட்டுகிறார், நடுவில் அரசராகக் கடவுள். காரைக்குடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு உடனே முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வாசலில் நின்றாலே கொல்லை வரை தெரிகிற வீடுதான் கண்ணுக்கு வரும். ஆனால் அறைகளை அப்படி ஒன்றன்பின் ஒன்றாக நினைக்காதீர்கள், குட்டைப் பனையின் குருத்தைச் சுற்றி மட்டைகள் மூடியிருப்பதுபோல எல்லாம் நடுவைச் சுற்றியே இருக்கின்றன என்கிறார் அவர். நான்காம் உறைவிடத்தைப் பற்றி எழுதும்போது அவர் தலைக்குள் ஆறுகள் பாய்வதுபோல ஒரே இரைச்சல், ஆனாலும் ஆத்துமா உள்ளே அமைதியாக இருந்ததாம். மனம் திரிகையைப்போல சடசடக்கட்டும், நாம் நம் மாவை அரைப்போம் என்று சொல்கிறார் பாருங்கள், செபத்தில் மனம் அலைகிறதே என்று பல வருடம் குற்ற உணர்வோடு இருந்த எனக்கு அந்த ஒரு வரி பெரிய ஆறுதல். ஆத்துமாவும் ஆவியும் ஒன்றுதான், ஆனாலும் இடையே நுட்பமான ஒரு வேறுபாடு இருக்கிறது என்று ஏழாம் உறைவிடத்தில் சொல்கிறார்.

அடுத்தது 14-ஆம் நூற்றாண்டு கிரேக்கத் துறவி கிரகோரி பலமாஸ். கிரேக்கத் துறவு மடங்கள் நிறைந்த அத்தோஸ் மலையில் துறவிகள் தலை குனிந்து உட்கார்ந்து, மூச்சோடு சேர்த்து இயேசுவின் பெயரைச் சொல்லி, மனத்தை இதயத்துக்குள் இறக்குவார்கள். குனிந்து தொப்புளைப் பார்க்கிறார்களே, ஆத்துமா தொப்புளில் இருக்கிறதா என்று இத்தாலியிலிருந்து வந்த பர்லாம் என்ற துறவி கேலி செய்தார். உடல் தூய ஆவியின் ஆலயம், அருள் அதிலும் பாயும் என்று வாதாடினார் பலமாஸ், 1351-இல் கான்ஸ்டான்டினோபிள் சங்கம் அவர் பக்கம் நின்றது. நமக்கு இது புதிதும் இல்லை. போர்த்துக்கீசிய மறைப்பணியாளர் அருளானந்தர் 1693-இல் தலை வெட்டப்பட்ட ஓரியூரில் செம்மண்ணை அள்ளி முடிந்து வருகிறோமே, அந்த மண்ணும் ஜடப்பொருள்தானே!

(ஜெர்மானியத் துறவி எக்கார்ட்டும் இருக்கிறார். ஆத்துமாவில் படைக்கப்படாத ஒன்று உண்டு என்ற அவர் பேச்சு அத்வைதம் கேட்ட காதுக்கு இனிக்கும், ஆனால் 1329-இல் திருத்தந்தை கண்டித்த 28 கூற்றுகளில் அதுவும் ஒன்று. எனக்கும் அது ஒட்டவில்லை.)

தெரேசாவும் உடலைத் தள்ளியவர் இல்லை, கிறிஸ்துவின் மனித உருவை விட்டுவிடாதீர்கள் என்று அழுத்திச் சொன்னவர். மனம் அலைகிற நாளில் எனக்கு அவர்தான். அப்பத்தா விஷயத்தில் மட்டும் நான் பலமாஸ் பக்கம். பெயர், ஊர், பிள்ளை எல்லாம் மறந்த அந்த விரல்கள், பத்து மணி முடிந்து தனி மணி வந்ததும், யாரும் சொல்லாமலே ஒரு நொடி நின்று, பரலோக மந்திரத்துக்குக் காத்திருந்தன.