வியாசர்பாடி 'சர்வாதிகாரி' அத்தோ கடை, 5க்கு 4

ஜீவா ஸ்டேஷன்ல எறங்கி கொஞ்ச தூரம் நடந்தா ஒரு தள்ளுவண்டி அத்தோ கடை (அத்தோன்னா பர்மா நூடுல்ஸ்), போர்டு கீர்டு எதுவும் கெடையாது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பூண்டு எண்ணெ வாசன எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் போனா கடை வந்துடும். ஏரியா பசங்க இதுக்கு வெச்ச பேரு சர்வாதிகாரி கடை. கோஸ் வேணாம்ணா, புளித்தண்ணி கம்மியா போடுங்கன்னு யாராவது சொன்னா "அப்ப அத்தோவே வேணாம், அடுத்தாளு யாருப்பா"ன்னுடுவாரு, சாஸ் கேட்டா மொறைப்பாரு.

போன வாரம் நானும் வாய வெச்சுக்கினு சும்மா இல்லாம "சர்வாதிகாரி அண்ணா, ஒரு முட்டை அத்தோ"ன்னு சொல்லிட்டேன். பேசின்ல நூடுல்ஸ் பெசஞ்சுட்டு இருந்த கை நின்னுச்சு. "தம்பி, அந்த வார்த்த வேணாம், எங்கப்பா ஒரிஜினலயே பாத்துட்டு கப்பல் ஏறுனவரு"ன்னாரு.

அவர் சொன்னது நே வின்ன. 1962ல ராணுவத்த வெச்சு பர்மாவ புடிச்சவன். கடையெல்லாம் அரசாங்கம்னு எடுத்துக்கினாங்க, 1964ல 50, 100 நோட்டு செல்லாதுன்னுட்டாங்க, சேத்து வெச்சதெல்லாம் ஒரே நாள்ல காயிதம், அப்டி எல்லாத்தையும் வுட்டுட்டு வந்த பர்மா தமிழங்க குடும்பம் நம்ம வியாசர்பாடில நெறைய. இந்த அத்தோவும் அவங்க கூடவே வந்ததுதான்.

அன்னைலேந்து எனக்கு இந்த வார்த்தையே மண்டைல ஓடுது. சர்வம்னா எல்லாம், எல்லா அதிகாரமும் ஒருத்தன் கைல, சரி. ஆனா 1938 இந்தி எதிர்ப்புல போராட்டத்த நடத்துறவருக்கே சர்வாதிகாரின்னுதான் பேரு, அவர உள்ள வெச்சா அடுத்த சர்வாதிகாரி வருவாரு, அப்ப அது திட்டு இல்ல, ஜெயிலுக்கு போறதுக்கான பதவி. அந்தப் போராட்டத்துல செத்த நடராசன், தாளமுத்து ரெண்டு பேரும் இங்க பக்கத்துல மூலக்கொத்தளம் சுடுகாட்டுல தான் இருக்காங்க, பஸ்ல தெனம் தாண்டி போறோம். இங்கிலீஷ்ல டிக்டேட்டரும் அதே கததான், ஸ்கூல்ல டிக்டேஷன் எழுதுனோமே அதே வேரு, நான் சொல்றேன் நீ செய்யிங்கறது, ஆனா ரோமாபுரில அது ஆபத்து நேரத்துக்கு மட்டும் குடுக்குற வேல, மிஞ்சிப்போனா 6 மாசம். கிமு 44ல சீசர் ஆயுசுக்கும் நாந்தான்னு ஆனாரு, கொஞ்ச நாள்லயே குத்திட்டாங்க. நம்மாளு இருபது வருசமா அதே வண்டிகிட்ட நிக்கிறாரு, ஸோ டிக்டேட்டர் செட் ஆவாது.

செட் ஆவுற வார்த்த டெஸ்பாட். கொடுங்கோலன்னு அர்த்தம் சொல்லுவாங்க, ஆனா கிரேக்கத்துல மொதல்ல அதுக்கு வீட்டுக்கு எஜமான்னு தான் அர்த்தம். இதுல செம மேட்டர் என்னன்னா சமஸ்கிருதத்துல அதுக்கு ஒடம்பொறப்பு வார்த்த தம்பதி. தம்னா வீடு, பதின்னா தலைவன். நாம கல்யாண பத்திரிகைல மணமக்களுக்கு போடுற அதே தம்பதிதான், யோசிச்சா சிரிப்பு வருது.

ஏன்னா இந்த கடை தம்பதி கடை. அண்ணா பெசைவாரு, அக்கா ஓரமா ஸ்டூல்ல உக்காந்து காசு வாங்கும். நான் நிக்கிறப்பவே ஒரு சின்னப் பொண்ணு காரம் வேணாம்னுச்சு, அண்ணா வாய தொறக்கறதுக்குள்ள அக்கா திரும்பிக்கூட பாக்காம "கொழந்தைக்கு மொளகா போடாத"ன்னுச்சு. போடல. யாரு எஜமான்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.

சாப்பாடு விஷயத்துக்கு வர்றேன். நூடுல்ஸ் கொழையல, வறுத்த வெங்காயம் கடைசி வாய் வரைக்கும் மொறுமொறுன்னு இருக்கு, பேஜோவ (தட்டை மாதிரி பொரிச்சது) கைல நொறுக்கி மேல தூவுறாரு பாருங்க, அதுக்கே போலாம். முட்டை மசாலா ஓகே தான், உப்பு தூக்கல். வாழத்தண்டு சூப் கேக்க கேக்க ஊத்துறாங்க, நான் மூணு கப்பு. உக்கார எடமில்ல, சில்லற இல்லாம போனா அக்காகிட்ட பாட்டு கேக்கணும், ஒரு மார்க் அதுல போச்சு.

பார்சல்னா தூக்கு எடுத்துட்டு போங்க, சூப்ப கவர்ல ஊத்த மாட்டாரு, கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன்.