நாசாவின் 'டயல்-எ-மூன்' 2025: ஓராண்டு நிலவை மணிக்கு மணி காட்டும் இலவசச் சேவை

அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் கோடார்டு மையத்தில் இயங்கும் அறிவியல் காட்சிப்படுத்தல் கூடம், 2011 முதல் ஒவ்வோர் ஆண்டுக்கும் நிலவுக்கென்று தனிப் பக்கம் ஒன்றை இணையத்தில் வெளியிட்டு வருகிறது. அப்பக்கத்தில் உள்ள 'டயல்-எ-மூன்' என்னும் சிறு கருவியில் மாதம், தேதி, மணி மூன்றையும் கொடுத்தால், அந்த மணியில் நிலவு எந்தக் கலையில், எவ்வளவு தொலைவில், எந்தப் பக்கம் சற்றே திரும்பியவாறு இருக்கும் என்பதைக் காட்டும் படம் வந்து நிற்கும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம் என்பதால் படங்களும் 8,760. கட்டணம் கிடையாது, பெயரும் மின்னஞ்சலும் கேட்பதில்லை, இடையில் விளம்பரம் குறுக்கிடுவதும் இல்லை. 2025ஆம் ஆண்டுக்கான பதிப்பை வீட்டுப் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் வைத்து ஆண்டு முழுவதும் பயன்படுத்திப் பார்த்த பிறகு எழுதப்படும் மதிப்புரை இது.

முதலில் சொல்ல வேண்டியது, இவை கணினியில் ஏதோ ஒரு நிலவை வரைந்து நிழல் பூசிய படங்கள் அல்ல என்பது. 2009இல் ஏவப்பட்டு நிலவைச் சுற்றிவரும் 'லூனார் ரெக்கனைசன்ஸ் ஆர்பிட்டர்' விண்கலத்தின் கேமரா எடுத்த படங்களையும், அதன் லேசர் கருவி அளந்த மேடுபள்ளங்களையும் கொண்டு நிலவின் முழு உருவத்தைக் கணினியில் அமைத்து, ஒவ்வொரு மணிக்கும் சூரிய ஒளி எந்தக் கோணத்தில் விழும் என்று கணக்கிட்டு இவற்றை உருவாக்குகிறார்கள். ஆகையால் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே ஒரு பள்ளத்தின் விளிம்பு மட்டும் வெளிச்சம் பட்டு அடிப்பகுதி இருண்டு கிடப்பதைச் சிறு தொலைநோக்கியில் பார்த்தால், அதே பள்ளம் அதே நிழலுடன் படத்திலும் இருக்கிறது. பெரிய அளவுக் காணொளியில் அந்தக் கோட்டருகே உள்ள பள்ளங்களின் பெயர்களும், அப்பல்லோ கலங்கள் இறங்கிய இடங்களும் குறிக்கப்பட்டிருக்கின்றன. தொலைநோக்கி வாங்கிய புதிதில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தடுமாறுபவருக்கு இந்தப் பெயர்களே போதிய வழிகாட்டி.

ஆனால் இச்சேவையின் உண்மையான மதிப்பு தனிப் படத்தில் இல்லை. ஆண்டு முழுவதையும் ஒருசேர ஓட்டிப் பார்ப்பதில் இருக்கிறது. ஏறத்தாழ ஐந்து நிமிடக் காணொளியில் நிலவு வளர்ந்து தேய்வதோடு பெருத்தும் சிறுத்தும் போவது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. நாட்காட்டித் தாள் அமாவாசையையும் பௌர்ணமியையும் மட்டும் சொல்லும்; தொலைவைச் சொல்லாது. தொலைவைச் சொல்லும் அட்டவணைகளோ வெறும் எண்களாக நிற்கும். இங்கே இரண்டும் ஒரே அசைவாக வருவதால், அவற்றுக்கிடையே உள்ள உறவு தானாகவே விளங்கத் தொடங்குகிறது.

2025 இதற்கு நல்ல எடுத்துக்காட்டான ஆண்டு. ஜனவரி 8 அன்று நிலவு தன் சுற்றில் நமக்கு மிக அருகே வந்தபோதும் தொலைவு 3,70,000 கிலோமீட்டருக்குச் சற்று மேலாகவே இருந்தது. ஏப்ரல் 27இல் அதே அண்மைநிலை 3,57,100 கிலோமீட்டராகக் குறைந்தது. ஆகஸ்ட் 14இல் மீண்டும் 3,69,000ஐத் தாண்டியது. நவம்பர் 5இல் 3,56,800 கிலோமீட்டராகி அவ்வாண்டின் மிகக் குறைந்த தொலைவானது. 'நிலவின் அண்மைத் தொலைவு இவ்வளவு' என்று பள்ளிப் புத்தகத்தில் ஒற்றை எண்ணைப் படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். கருவியில் அந்தந்தத் தேதிகளின் படத்தைப் பார்த்தால் விடை கிடைத்துவிடுகிறது. ஜனவரியிலும் ஆகஸ்டிலும் அண்மைநிலை அரைநிலவை ஒட்டி அமைந்தது. ஏப்ரலில் அமாவாசையோடும் நவம்பரில் பௌர்ணமியோடும் சேர்ந்தது. நிலவுப் பாதையின் நீள்வாட்டம் சூரியனின் திசையோடு ஒரே கோட்டில் அமையும்போது, சூரியனின் ஈர்ப்பு அந்தப் பாதையை மேலும் நீள்வட்டமாக்குகிறது. குறுக்காக அமையும்போது அதன் நீட்சி குறைகிறது. சேய்மைத் தொலைவில் இந்த ஏற்ற இறக்கம் அவ்வளவு இல்லை. 2025 முழுவதும் அது 4,04,000க்கும் 4,06,700க்கும் இடையிலேயே நின்றது. ஒரு பாடநூல் பத்தியில் வராத இந்தச் செய்தியை ஐந்து நிமிடக் காணொளி கொடுத்துவிடுகிறது.

'சூப்பர் மூன்' செய்திகளைச் சோதித்துப் பார்க்கவும் இதைவிட எளிய வழி இல்லை. ஏப்ரல் 13 பௌர்ணமி சேய்மைநிலையை ஒட்டி வந்தது. நவம்பர் 5 பௌர்ணமி அண்மைநிலையை ஒட்டி வந்தது. இரண்டு படங்களையும் இறக்கி அருகருகே வைத்தால் விட்டத்தில் ஏறத்தாழ 14 விழுக்காடு வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. படத்துடன் தரப்படும் கோண விட்டம், பஞ்சாங்கக்காரர்கள் விகலை என்று சொல்லும் அளவில் (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு), நவம்பரில் 2,000ஐத் தாண்டியும் ஏப்ரலில் 1,770க்குக் கீழாகவும் நிற்கிறது. அதே வேளையில், நவம்பர் நிலவைத் தனியாக வானில் பார்க்கும் ஒருவர் அதைப் 'பெரியது' என்று சொல்ல முடியாது என்பதும் இந்த ஒப்பீட்டிலேயே புலப்படுகிறது. பக்கத்தில் வைத்துப் பார்க்க ஏப்ரல் நிலவு வானில் இல்லை. தொலைக்காட்சிச் செய்திகள் விட்டுவிடும் பகுதி அதுதான்.

அடுத்தது, பலரும் கவனிக்காத அசைவாட்டம். நிலவு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது என்பது முழு உண்மையன்று. அது மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பதால், காலப்போக்கில் அதன் பரப்பில் 59 விழுக்காட்டை நாம் பார்த்துவிடுகிறோம். தன்னைத் தானே சுற்றும் வேகம் மாறாமல் இருக்க, புவியைச் சுற்றும் வேகம் மட்டும் அருகே வரும்போது கூடி, விலகும்போது குறைவதால் கிழக்கு மேற்கான ஆட்டம் உண்டாகிறது. இதைப் பார்க்க விரும்புவோர் மே 4, நவம்பர் 28 ஆகிய இரு நாட்களின் படங்களையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் வளர்பிறை அரைநிலவு. வலப்புற விளிம்புக்கருகே 'மேரே கிரிசியம்' என்னும் முட்டை வடிவக் கறை ஒன்று தனியாக நிற்கும். அண்மைநிலைக்கு ஒரு வாரம் கழித்து வந்த மே 4இல் அது விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி அகன்று தெரிகிறது. சேய்மைநிலைக்கு ஒரு வாரம் கழித்து வந்த நவம்பர் 28இல் விளிம்போடு ஒட்டி ஒரு கீற்றாக ஒடுங்கிவிடுகிறது. இரு நாட்களுக்கும் இடையே நிலவு நம் பக்கம் திரும்பியிருந்த கோணத்தில் ஏறத்தாழ 15 பாகை வேறுபாடு. இருகண் நோக்கியிலேயே இது பிடிபடும். படத்தில் முன்கூட்டிப் பார்த்துவைத்தவருக்கு இன்னும் எளிது.

கலையின் அளவைக் கருவி விழுக்காட்டில் தருகிறது. திதியில் பழகிய நமக்கு இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. திதி என்பது சூரியனுக்கும் நிலவுக்கும் இடையே உள்ள கோணத்தைப் பன்னிரண்டு பன்னிரண்டு பாகையாகக் கணக்கிடுவது; விழுக்காடு என்பது ஒளிபெற்ற பரப்பின் அளவு. இரண்டும் சீராக ஒத்து நடப்பதில்லை. மூன்றாம் பிறையான திருதியை ஏறத்தாழ 4 விழுக்காட்டில் தொடங்கி 10ஐ எட்டுவதற்குள் முடிந்துவிடும். அஷ்டமியின் நடுவில்தான் 50 வரும். ஒரு திதி சில நாட்களில் 20 மணி நேரத்துக்குள் முடிவதும், சில நாட்களில் 26 மணி நேரத்தைத் தாண்டி நீள்வதும் பெரும்பாலும் நிலவின் தொலைவைப் பொறுத்தவையே என்பதையும் இதில் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. நம் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு அடிப்படையான, நிலவின் இடத்தை நாள்வாரியாகச் சொல்லும் சந்திர வாக்கியங்கள் 248 இருப்பதற்கும் இதுவே காரணம்: அண்மைநிலையிலிருந்து அண்மைநிலைக்கு 27.55 நாள், அப்படி ஒன்பது சுற்று சேர்ந்தால் 248 நாள். 1825இல் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை, சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார்; கிரகணத் தொடக்கத்தில் பிழை நான்கு நிமிடமே, முடிவில் மட்டும் ஐம்பது நிமிடத்தைத் தாண்டியது. நாசாவின் கருவி அந்தக் கணக்கைப் படமாக்குகிறது என்று எடுத்துக்கொண்டால் நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

கிரகணங்களைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. 2025இல் நான்கு கிரகணங்கள்; மார்ச் 14 முழுச் சந்திர கிரகணமும், மார்ச் 29, செப்டம்பர் 21 ஆகிய நாட்களின் பகுதிச் சூரிய கிரகணங்களும் நமக்குத் தெரியவில்லை. செப்டம்பர் 7 அன்று இரவு 9:57க்குத் தொடங்கி, 11:00 முதல் 12:22 வரை முழுமையாக மறைந்து, 1:26க்கு விலகிய சந்திர கிரகணம் ஒன்றே நம் பங்கு. எந்த ஊரில் எத்தனை மணிக்கு என்ற நேர அட்டவணையை டயல்-எ-மூன் தருவதில்லை. அதற்கு அதே கூடம் தனியாக வெளியிடும் கிரகணப் பக்கங்களையோ, கொல்கத்தாவின் நிலைசார் வானியல் மையத்தின் அறிவிப்புகளையோ நாட வேண்டும். மணிக்கொரு படம் என்பதால், 82 நிமிட முழு மறைப்பின் நுட்பங்களை இதில் தேடுவதிலும் பொருளில்லை. மாறாக, சூரிய கிரகணத்தின் வகையைப் புரிந்துகொள்ள இது மிகவும் உதவும். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் வட்டாரங்களில் சூரியன் வளையமாகத் தெரிந்ததல்லவா? அவ்வாண்டுப் பதிப்பில் அந்த நாளைத் திருப்பினால், சூரியனை முழுவதும் மூடும் அளவுக்கு நிலவு அன்று நெருங்கியிருக்கவில்லை என்பதைக் கோண விட்டமே சொல்லிவிடும்.

குறைகளில் முதன்மையானது நேரம். எல்லாம் உலகப் பொதுநேரத்தில் இருப்பதால் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தே கேட்க வேண்டும். முழு மணிகளை மட்டுமே ஏற்கும் கருவியில் நம் மாலை ஆறு மணி, பன்னிரண்டரையாகி நடுவில் மாட்டிக்கொள்கிறது. அரை மணி நேரத்தில் கலையோ தொலைவோ கண்ணுக்குத் தெரியும் அளவு மாறுவதில்லை என்பதால் இது தொல்லையே தவிரப் பிழையில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், படத்தில் எப்போதும் வடக்கு மேலே இருப்பது. சென்னையிலோ மதுரையிலோ கிழக்கே எழும் நிலவு இந்தப் படத்தை இடப்புறமாகக் கிட்டத்தட்டக் கால் சுற்று சாய்த்தாற்போல இருக்கும். மேற்கே மறையும்போது வலப்புறமாகச் சாய்ந்திருக்கும். அதனால்தான் நம் ஊரில் மாலைப் பிறை தோணிபோலக் கிடக்கிறது, படத்திலோ வலப்புற வில்லாக நிமிர்ந்து நிற்கிறது. தெற்கு மேலாக அமைந்த பதிப்பும் உண்டு என்றாலும் அது ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் உள்ளவர்களுக்குத்தான் பயன்படும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம்மைப் போன்றவர்களை இரண்டுமே கணக்கில் கொள்ளவில்லை. குழந்தைகளுக்குக் காட்டுபவர்கள் கைப்பேசியைத் திருப்பிப் பிடித்துக் காட்டினால் குழப்பம் இராது. அதற்கு முன் திரை தானாகச் சுழல்வதை நிறுத்திவிட வேண்டும்.

தொலைவும் புவியின் மையத்திலிருந்து அளக்கப்படுவது. நிலவு உச்சிக்கு வரும்போது அதன் விட்டம், தரப்பட்ட எண்ணைவிட ஒன்றரை விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடுதலாக இருக்கும். அடிவானத்தில்தான் எண்ணும் காட்சியும் ஏறத்தாழ ஒத்துப்போகும். புவி மையத்துக்கு உதயமும் மறைவும் இல்லை என்பதால் அந்த நேரங்களும் கிடைக்கா. விரதத்துக்கோ படப்பிடிப்புக்கோ நிலவு எழும் நேரம் தேவைப்படுவோர் பஞ்சாங்கத்தையோ, ஊர்ப்பெயரைக் கேட்கும் ஸ்டெல்லேரியம் போன்ற மென்பொருளையோதான் பார்க்க வேண்டும். பக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதும், பள்ளங்களின் பெயர்கள் கைப்பேசித் திரையில் படிக்க முடியாத அளவு பொடியாகிவிடுவதும் மற்ற இரு குறைகள். ஆனால் மணிவாரியான எண்கள் அனைத்தையும் எளிய உரைக் கோப்பாக இறக்கிக்கொள்ள விட்டிருக்கிறார்கள். கணக்கில் ஆர்வமுள்ள மாணவர் ஒருவர் அதிலிருந்து தொலைவு வரைபடத்தைத் தானே போட்டுப் பார்க்கலாம். ஆசிரியர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது காணொளியையன்று, இந்தக் கோப்பையே.

2026 பதிப்பைத் திறப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய நாட்கள் மூன்று. மார்ச் 3 மாலை நம் ஊரில் நிலவு எழும்போதே கிரகணம் பிடித்திருக்கும், 6:47 அளவில் விடும். அந்த உதய நேரத்துக்கு மட்டும் பஞ்சாங்கம் வேண்டும். மே 31 பௌர்ணமி சேய்மைநிலையை ஒட்டியும், டிசம்பர் 24 பௌர்ணமி அண்மைநிலையை ஒட்டியும் வருகின்றன. டிசம்பரில் நிலவு நிறைவது நம் நேரப்படி காலை ஏழு மணியளவில் என்பதால், 23ஆம் தேதி இரவே பார்த்துவிடுவதற்கும் 24ஆம் தேதி மாலை வரை காத்திருப்பதற்கும் பெரிய வேறுபாடு இல்லை; இரண்டு வேளைகளின் விட்டத்தையும் கருவியில் கேட்டுப் பார்த்துவிட்டு, மேகம் இல்லாத இரவைத் தேர்ந்துகொள்ளலாம்.