கார் ஏசிக்கு "காஸ் அடிச்சு விட்டாச் சரி" என்பவர்களிடம் கவனம்: திருகோணமலைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஏசி குளிரவில்லை என்று கராஜுக்குப் போகிறீர்கள். பாஸ் பொனட்டைத் திறக்கிறார், காஸின் அழுத்தம் காட்டும் கேஜைக் கொழுவிப் பார்க்கிறார், "காஸ் இறங்கியிருக்கு, அடிச்சு விட்டாச் சரி" என்கிறார். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். காஸ் எந்த இடத்தால் போனது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாது என்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நம் நகருக்குள் இருக்கும் ஒரு கராஜ் என்னிடம் ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேல் வாங்கிவிட்டு, உண்மையான பழுதைத் தொடாமலே விட்டிருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 2014ஆம் ஆண்டு டொயோட்டா அக்வா ஹைபிரிட். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் நம்மில் பெரும்பாலானோர் பழைய காரையே திருத்தித் திருத்தி ஓடினோம். இன்றைய விலையில் இன்னும் சில வருடம் அப்படித்தான் ஓடப்போகிறோம். கராஜ்காரர்களுக்கும் அது தெரியும்.

நான் உப்புவெளியில் இருந்து மூதூர்ப் பக்கம் படிப்பிக்கப் போகிறேன். சீனக்குடா, கிண்ணியாப் பாலம் என்று போகிற பாதை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கண்ணாடியைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கும். அப்பாவை இருதயக் கிளினிக்குக்குக் கண்டிக்குக் கூட்டிப்போவதும் இந்தக் காரில்தான். கந்தளாய் தாண்டி ஹபரணைக்குப் போவதற்குள் அவர் வியர்த்துச் சோர்ந்து சாய்ந்துவிடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவளுக்கு ஏசியை ஆடம்பரம் என்று சொல்லத் தோன்றாது. இன்னொன்றும் இருக்கிறது. அக்வாவின் ஹைபிரிட் பற்றரி பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. காருக்குள் இருக்கும் காற்றை இழுத்துத்தான் அது தன்னைக் குளிர்த்திக்கொள்கிறது. ஏசி இல்லாமல் வெக்கையில் ஓடினால் பற்றரியும் சேர்ந்து தேயும்.

முதல் தடவை போனபோது வேலை அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. ஒரு பெரிய சிலிண்டரில் இருந்து காஸ் ஏற்றினார்கள். அதோடு ஒரு சின்ன டின்னையும் கொழுவி, "இது ஒயில், கொம்பிரசருக்கு நல்லது" என்றார்கள். 9,500 ரூபாய். பில் கேட்டதற்கு விசிட்டிங் காட்டின் பின்பக்கத்தில் தொகையை எழுதித் தந்தார்கள். கார் நன்றாகக் குளிர்ந்தது. ஒரு மாதம்கூட அது நிற்கவில்லை. திரும்பப் போனால், "வால்வு பின் லீக், மாத்தியாச்சு டீச்சர்" என்று சொல்லி மறுபடி காஸ், மறுபடி அந்த டின். இந்த முறை 11,000.

ஒரு விஷயத்தை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏசி காஸ் பெற்றோல் மாதிரி எரிந்து தீர்கிற சாமான் அல்ல. கொம்பிரசர், முன்னுக்கு இருக்கும் கண்டென்சர், டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் கொயில் என்று மூடிய குழாய்க்குள் அதே காஸ் சுற்றிச் சுற்றி வருகிறது. பல வருடங்களில் ரப்பர் வளையங்கள் வழியே கொஞ்சம் கசியலாம், அது உண்மை. ஆனால் ஒரு மாதத்தில், ஒரு பருவத்தில் காலியானால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் காஸ் ஏற்றுவது பஞ்சர் டயருக்குக் காற்று அடிப்பதுதான். போகிற காஸும் சும்மா போவதில்லை. ஆர்-134ஏ என்ற அந்த வாயு பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடச் சுமார் 1,400 மடங்கு வலியது. அதைக் காற்றில் விடுவதற்கு நம்மிடமே திரும்பத் திரும்பக் காசு வாங்குகிறார்கள்.

மூன்றாவது முறை போனபோது கதை மாறியது. "கூலிங் கொயில் ஓட்டை. டாஷ்போர்ட் முழுக்கக் கழற்ற வேணும், காரை விட்டுட்டுப் போங்கோ" என்றார்கள். விட்டுவிட்டு வந்தேன். சாமானுக்கும் கூலிக்கும் சேர்த்து 38,000. கழற்றிய பழைய கொயிலைக் கேட்டதற்குக் குப்பைக்குப் போய்விட்டது என்றார் பையன். காஸ் புதிதாக ஏற்றியிருந்ததால் கார் குளிர்ந்தது. அப்புறம் மழைக்காலம் வந்துவிட்டது. மார்கழி மாதத்தில் ஏசி எந்த அளவுக்குக் குளிர்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? வெயில் திரும்பியபோது பழைய கதைதான். போனேன், காஸை மட்டும் "ஃப்ரீயாக" அடித்து அனுப்பினார்கள். அந்த இலவசத்தில்தான் என் வாயை அடைத்தார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு ஒரு நாள் சீனக்குடா தாண்டி வரும்போது டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. ஹைபிரிட் சிஸ்டத்தைப் பரிசோதிக்கச் சொல்லி எழுத்தும் வந்தது. எப்படியோ வீடு வந்து சேர்ந்து நிறுத்தினேன். அதன்பிறகு கார் ஓடத் தயார் என்று காட்டும் "ரெடி" விளக்கு எரியவே இல்லை. இழுத்துக்கொண்டுதான் போனார்கள். "கொம்பிரசர் போச்சுது டீச்சர். கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து எடுத்துத் தாறன், ஜப்பான் பாவிச்ச சாமான், மூண்டு மாசம் வாறண்டி." 98,000 ரூபாய். கையில் அவ்வளவு காசு இல்லாததால் வங்கியால் அனுப்பினேன். அவர்களுக்குக் காசு கொடுத்ததற்கு இன்று என்னிடம் இருக்கும் ஒரே உறுதியான ஆதாரம் அந்தப் பணம் அனுப்பிய சீட்டுத்தான்.

அந்தக் கொம்பிரசர் ஏன் போனது? ஹைபிரிட் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். சாதாரணக் காரில் கொம்பிரசரை எஞ்சின் பெல்ட் சுழற்றுகிறது. அதற்கு பாக் என்று சொல்லும் ஒரு வகை ஒயில் போடுவார்கள். அக்வா, பிரியஸ், அக்சியோ ஹைபிரிட் போன்றவற்றில் பெல்ட் கிடையாது. கொம்பிரசருக்குள்ளேயே மின்மோட்டார் இருக்கிறது, அது ஹைபிரிட் பற்றரியின் மின்சாரத்தில் ஓடுகிறது. அக்வாவில் அது 144 வோல்ட். காஸும் ஒயிலும் அந்த மோட்டாரின் செப்புக் கம்பிச் சுருளைத் தொட்டுக்கொண்டே ஓடுவதால், மின்சாரத்தைக் கசியவிடாத தனி ஒயில் அதற்கு வேண்டும். டொயோட்டா ஹைபிரிட்டுகளுக்கு அது என்.டி. ஒயில் 11. அதற்குள் பாக் ஒயில் கொஞ்சம் கலந்தாலே மின்காப்பு குறையத் தொடங்கும். காப்பு ஓர் அளவுக்குக் கீழே போனதும், ஆட்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்று கார் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். என் கார் பூட்டிக்கொண்டது. காஸ் அடித்த ஒவ்வொரு முறையும் கொழுவிய அந்தச் சின்ன டின்னில் பெல்ட் கார்களுக்கான ஒயில்தான் இருந்தது. எந்தக் காருக்கும் அதே டின்னைத்தான் கொழுவுகிறார்கள் என்று பிறகு அங்கே வேலை செய்யும் தம்பி ஒருவரே சொன்னார். அவர்கள் கெடுத்த கொம்பிரசருக்கு அவர்களே என்னிடம் 98,000 வாங்கியிருக்கிறார்கள்.

புதிதாகப் போட்ட கொம்பிரசரோடும் குளிர் சில கிழமைகளில் இறங்கத் தொடங்கியது. அப்பாவின் கிளினிக்குக்குக் கண்டி போனபோது, அங்கே ஹைபிரிட் ஏசி வேலை தெரிந்த ஒருவரிடம் சொந்தக்காரர் ஒருவர் கூட்டிப்போனார். அவர் காஸைப் பற்றிக் கதைக்கவே இல்லை. மிச்சமிருந்த காஸை மெஷினால் இழுத்து எடுத்து நிறுத்துப் பார்த்தார். பிறகு உலர்ந்த நைட்ரஜனை அழுத்தத்தோடு ஏற்றி, முன் கிரிலைக் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்தார். கண்டென்சரின் கீழ் மூலையில் குமிழி கொப்பளித்துக்கொண்டு வந்தது. அந்த இடத்தைச் சுற்றி ஒயில் பிசுக்கும் உப்பு அரித்த வெள்ளைப் பூச்சும். கிரிலைக் கழற்றினால் கண்ணால் பார்க்கக்கூடிய இடம். கேஜை மட்டும் பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் மறக்கமாட்டேன். ஏசி பில்டரைக் கழற்றி, அந்த வழியால் சின்ன கமராவை விட்டு, உள்ளே இருக்கும் கூலிங் கொயிலைத் திரையில் காட்டினார். வருடக்கணக்கான தூசியும் காய்ந்த இலைத்தூளும் படிந்து கறுத்துப் போயிருந்தது. சில மாதம் முன் மாற்றிய கொயில் அப்படி இருக்காது. 38,000 ரூபாய்க்கு என் காரை இரண்டு நாள் நிழலில் நிறுத்தி வைத்திருந்திருக்கிறார்கள். படம் எடுத்துத் தாருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கை நடுங்கியது. கோபத்தைவிட வருத்தம்தான் கூட. அந்த மாதம் வீட்டில் எதையெல்லாம் தள்ளிப்போட்டோம் என்பது எனக்குத் தெரியும்.

புதுக் கண்டென்சர் போட்டார். ஈரம் உறிஞ்சும் டிரையர் அதோடு சேர்ந்தே வருகிறது. குழாய்களைக் கழுவி, கொம்பிரசரின் மின்காப்பை அளந்து பார்த்து, சரியான ஒயிலை விட்டார். குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வக்யூம் பம்பை ஒரு மணித்தியாலத்துக்கு ஓடவிட்டு, பிறகு நிறுத்தி, கேஜ் ஊசி அசைகிறதா என்று காத்திருந்தார். வக்யூம் பிடிக்காமல் காஸ் ஏற்றினால் உள்ளே இருக்கும் ஈரம் ஒயிலோடு சேர்ந்து அமிலமாகி எல்லாவற்றையும் அரிக்கும். கடைசியில் பொனட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும் லேபிளில் எத்தனை கிராம் என்று பார்த்து, தராசில் வைத்து அளந்து ஏற்றினார். எல்லாமாக 62,000 ரூபாய், ஒவ்வொரு சாமானும் எழுதிய பில்லோடு. பழைய கண்டென்சரையும் பெட்டியில் போட்டுத் தந்தார். "கொம்பிரசர் எவ்வளவு காலம் நிற்கும் என்று நான் பொறுப்புச் சொல்லமாட்டேன், முந்தி என்ன ஒயில் ஓடியது என்று யாருக்குத் தெரியும்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை நம்புகிறேன்.

திருகோணமலைக்கு வந்து அந்தக் கராஜ் முதலாளியிடம் படத்தைக் காட்டினேன். "டீச்சர், இது கடற்கரை ஊர். உப்புக் காத்துக்கு எல்லாம் இப்படித்தான் போகும்" என்றார். உப்புக் காற்று அரிக்கும்தான், நான் மறுக்கவில்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஓடுகிற கார்களில் கண்டென்சர் சீக்கிரம் போவது உண்மை. அது உண்மை என்பதால்தான் இந்த ஊரில் ஏசி வேலை செய்பவர் முதலில் பார்க்க வேண்டிய இடமே அதுவாக இருக்க வேண்டும். மாற்றாத கொயிலுக்குக் காசு வாங்கியதை எந்தக் காற்றின் தலையிலும் போட முடியாது.

இந்த ஊரில் ஒழுங்காக வேலை செய்கிற பாஸ்மார் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க நான் இப்போது கேட்பது இவ்வளவுதான்: வக்யூம் பம்ப் இருக்கிறதா, காஸை நிறுத்து ஏற்றுகிறீர்களா, ஹைபிரிட்டுக்கு என்ன ஒயில் விடுகிறீர்கள். மூன்றாவது கேள்விக்குத் தடுமாறினால் ஹைபிரிட் காரை அங்கே விடாதீர்கள். லீக் அடைக்கும் மருந்து என்று ஒரு டின்னைக் காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது உள்ளே இறுகி வால்வையும், பிறகு வேலை செய்ய வருகிறவரின் மெஷினையும் அடைக்கும். அதற்கு முன், ஏசி பில்டர் அடைத்திருக்கிறதா, கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா என்று நீங்களே பாருங்கள். ஓடும்போது குளிர்ந்து, சந்தியில் நிற்கும்போது சூடானால் பெரும்பாலும் ஃபேன் அல்லது அழுக்கு. காஸுக்குக் காசு கொடுக்க வேண்டிய வேலை அல்ல. கொயில், கொம்பிரசர் என்று பெரிய சாமான் மாற்றச் சொன்னால், கழற்றுவதற்கு முன்பே பழைய சாமான் எனக்கு வேண்டும் என்று சொல்லி, மாற்றும்போது படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பில் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்தபோது முதலில் கேட்டது அதைத்தான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி சாமான் வாங்கிய அல்லது வேலை செய்வித்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். கூலிங் கொயிலுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. கொம்பிரசருக்கு இன்னும் நாள் இருக்கிறது. வங்கிச் சீட்டு, கமராப் படம், கண்டியில் தந்த பில் மூன்றையும் வைத்துக் கடிதம் எழுதிவிட்டேன், இந்தக் கிழமைக்குள் கொடுக்கிறேன். பெயர் எழுதாமல் விசிட்டிங் காட்டின் பின்பக்கத்தில் தொகை மட்டும் எழுதித் தந்த சீட்டு உங்கள் வீட்டிலும் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். திகதியையும் கார் இலக்கத்தையும் அதிலேயே எழுதி, நீங்களும் உங்கள் முறைப்பாட்டைக் கொடுங்கள். ஒரு ஆள் கொடுத்தால் தகராறு என்பார்கள், நாலு பேர் கொடுத்தால் கராஜைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.