குஞ்சு பொரிக்கும் மெசினும் என் பயணக் காசும்: இரண்டாவது மோட்டார் மாற்றிய பிறகு எழுதுவது

மாங்குளத்தில் படிப்பிக்கும் சிநேகிதி போன கிழமை தொலைபேசியில் கேட்டாள்: "நீர் அந்தக் குஞ்சு பொரிக்கும் மெசினை இன்னும் வைத்திருக்கிறீரா? இப்போது விலை நன்றாகக் குறைந்துவிட்டதாம். எனக்கும் உம்மைப் போல ஊர் சுற்றக் காசு வேண்டும்."

கேள்வியில் பிழையில்லை, கேட்ட நேரம்தான் சரியில்லை. முட்டை திருப்பும் மோட்டாரை இரண்டாவது தடவையாக மாற்றிவிட்டு, அதற்குக் கொடுத்த காசை நினைத்து வயிறெரிந்துகொண்டிருந்த நேரம் அது. ஆகவே இதை வாசிக்கிறவர்கள் என் சூட்டைக் கொஞ்சம் கழித்துவிட்டு வாசிக்கலாம்.

எத்தனை முட்டை கொள்ளும், எத்தனை வாட் என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. கிளிநொச்சியில் பல வீடுகளில் இருக்கும் அதே மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டிதான் என்னுடையதும்.

முதலில் காசுக் கதை. நான் ஆசிரியை. அரச ஊழியருக்கு ரயில் வாரண்ட், அதாவது காசு கொடுக்காமல் ரயிலில் போகும் அனுமதிச் சீட்டு, கிடைக்கிறது, பிறகு பயணத்துக்கு என்ன செலவு என்று கேட்பவர்கள் உண்டு. வாரண்ட் என்னை நானுஓயா நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வாகனத்துக்கும், இரவு படுக்கும் அறைக்கும், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் அது செல்லாது. அதெல்லாம் கையில் எண்ணிக் கொடுக்க வேண்டிய காசு. ஆசிரியர்கள் மேலதிகமாக உழைப்பதற்கு எல்லோரும் காட்டும் வழி டியூசன். அதில் காசு வரும். சனி ஞாயிறு போய்விடும். சனி ஞாயிறை விற்ற பிறகு அந்தக் காசை வைத்துக்கொண்டு எப்போது பயணம் போவது?

அதனால்தான் கோழி. அம்மா ஏற்கனவே ஊர்க்கோழி வளர்த்தார். முட்டையாக விற்றால் கடைச்சாமான் வாங்குவதற்குள் கரைந்துவிடும் காசு, குஞ்சாக விற்றால் சில மடங்காகிறது. ஊர்க்கோழிக் குஞ்சுக்கு வன்னியில் எப்போதும் ஆள் இருக்கிறது. புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் பக்கமிருந்தெல்லாம் கேட்கிறார்கள். பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள் கரு மிச்சம் இருப்பதால் ஓரிரு நாள் தீனி தண்ணீர் இல்லாமலே அது தாக்குப்பிடிக்கும். துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து பஸ்ஸில் அனுப்பிவிடலாம். எங்கள் அடைக்கோழி ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைதான் அணைக்கும். அதுவும் தனக்கு மனம் வந்தால். மெசினுக்கு மனம் ஒரு பிரச்சினையில்லை என்றுதான் வாங்கினேன்.

குஞ்சுக் காசு முழுவதும் பள்ளிக்கூட ஆசிரியர்கள் சேர்ந்து பிடிக்கும் சீட்டுக்குப் போகிறது. வங்கிப் புத்தகத்தில் போட்டால் அவசரம் என்று எடுத்துவிடுவேன்; சீட்டில் கட்டிய காசு முறை வரும்வரை கைக்கு எட்டாது. தீனிச் செலவை முட்டை விற்ற காசு பார்த்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டில்தான் எல்லவுக்குப் போய் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்தேன், குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போனேன், திருக்கோணேஸ்வரத்துக்கு நினைத்த நேரத்தில் போய் வருகிறேன். கடன் படவில்லை. சம்பளத்தில் கை வைக்கவில்லை. இதை மெசினின் கணக்கில் வரவு வைக்காவிட்டால் அநியாயம்.

சூடு பிடிக்கும் விடயத்திலும் குறை சொல்ல மாட்டேன். 37.7 பாகை என்று வைத்தால் 37.7தான். அம்மாவின் பழைய காய்ச்சல்மானியை உள்ளே வைத்துப் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. மார்கழி வாடையில் வீடு முழுக்க ஈரமாகிக் குளிர்ந்தாலும் அந்த எண் அசையாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மட்டும் சங்கடம். தகரக் கூரை வீட்டில் மத்தியான வெக்கையில் பெட்டிக்குச் சூடாக்கத் தெரியும், ஆற்றத் தெரியாது. அந்தக் காலத்தில் குஞ்சுகள் ஒரு நாள் முந்தியே வந்துவிடுகின்றன. இதற்கு மெசினைத் திட்டுவதா, வெயிலைத் திட்டுவதா? சீமெந்து நிலம் உள்ள உள்ளறைக்குப் பெட்டியை மாற்றிய பிறகு பரவாயில்லை.

இனி மோட்டார்.

பெட்டியின் ஓரத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன மோட்டார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மெல்லிய இரைச்சலோடு தட்டை ஒரு பக்கம் தள்ளி முட்டைகளை உருட்டிவிடும். அப்படி உருட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அடைக்கோழி சொண்டால் முட்டையைத் திருப்பித் திருப்பி வைப்பதும் இதற்காகத்தான். அந்த மோட்டாருக்குள் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு பற்சக்கரம். பழுது பார்த்தவர் கழற்றிக் காட்டினார். ஒரு பக்கத்துப் பற்கள் முழுவதும் மழுங்கி, விரலால் தடவினால் வழுக்கிக்கொண்டு போனது. பல் தேய்ந்தாலும் மோட்டார் சுற்றும், இரைச்சலும் வரும், தட்டு மட்டும் அசையாது. அடுத்த அறையில் இருந்து கேட்கும் நமக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலவே இருக்கும்.

இந்த மெசின் எதற்கெல்லாம் கத்தும் தெரியுமா? ஈரப்பதம் கொஞ்சம் குறைந்தால் நடுச்சாமத்தில் எழுப்பும். தண்ணீர் ஊற்ற மூடியைத் திறந்தால் கத்தும். மின்சாரம் போய் வந்தால் கத்தும். தட்டு நின்றுபோனால் மட்டும் வாய் திறக்காது. இதைச் செய்தவர்கள் ஒரு தடவையாவது தங்கள் வீட்டில் முட்டை வைத்துப் பார்த்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

ஒரு மோட்டாருக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் பயணக் கணக்கு முழுவதும் அதில்தான் தொங்குகிறது. கோழி முட்டைக்கு 21 நாள், சரியாக மூன்று கிழமை. செவ்வாய் வைத்தால் செவ்வாய் பொரிக்கும். 18ஆம் நாள் சனிக்கிழமை வரும். அன்று திருப்புவதை நிறுத்தி, தட்டை எடுத்துவிட்டு, ஈரப்பதத்தைக் கூட்டி மூட வேண்டும். அந்தச் சனி ஞாயிறு வீட்டை விட்டு அசைய முடியாது. முந்திய இரண்டு சனி ஞாயிறும் எனக்குச் சொந்தம். வெள்ளி பள்ளிக்கூடம் விட்டதும் வவுனியா போய், ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்குப் பஸ் பிடிக்கலாம். தண்ணீர் ஊற்றும் வேலையை அம்மா பார்த்துக்கொள்வார்.

மோட்டார் செத்தால் அந்த இரண்டு சனி ஞாயிறும் போயின. முட்டையின் ஒரு பக்கத்தில் பென்சிலால் புள்ளடி, மறு பக்கத்தில் வட்டம் போட்டு, நாளுக்கு மூன்று அல்லது ஐந்து தடவை கையால் திருப்ப வேண்டும். ஒற்றைப்படையாக இருந்தால்தான் இரவு முழுக்க ஒரே பக்கம் கிடக்காமல் நாளுக்கு நாள் பக்கம் மாறும். இந்த வேலையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஒரு தடவை மலைநாட்டுக்குப் போனேன். பொல்காவலையில் ரயில் மாறக் காத்திருந்தபோது அழைப்பு வந்தது.

"பிள்ளை, புள்ளடி மேலேயா வட்டம் மேலேயா?"

"காலையில் என்ன மேலே இருந்தது அம்மா?"

"அது தெரிந்தால் உன்னை ஏன் கேட்கிறேன்? நீ அங்கே குளிரில் தேத்தண்ணீர் குடி. இங்கே நான் உன்னுடைய முட்டைக்கு முதுகு பிரட்டிக்கொண்டிருக்கிறேன்."

அந்தப் பயணம் முழுவதும் என் மனம் பெட்டிக்குள்தான் இருந்தது. பயணக் காசுக்காக வாங்கிய சாமான் பயணத்திலும் கூட வந்து இருக்கை பிடிப்பது என்ன நியாயம்?

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022இல் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த காலத்தில் நல்ல வேளை என்னிடம் இது இருக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் தேதி ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் நாடு முழுக்க இருண்டது என்று அமைச்சர் சொன்ன அந்த ஞாயிறு, பெட்டி நிறைய முட்டை இருந்தது. மேலே போர்வையைப் போட்டு மூடிவிட்டுப் பேசாமல் இருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அடைக்கோழியும் தீனிக்கு இறங்கிப் போகிறதுதானே. சில மணித்தியாலச் சூட்டுக் குறைவைக் கரு பொறுக்கும். மின்வெட்டுக்குப் பயந்து இதை வாங்காமல் விடுகிறவர்களுக்கு என் பதில் இது.

பயப்பட வேண்டியது பில்லுக்குத்தான். மெசின் நாளுக்கு ஒரு யூனிட் அளவில் இழுக்கிறது. கேட்க அற்பம். ஆனால் வீட்டுப் பாவனை மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறுகிறது. முதல் யூனிட்டிலிருந்தே கூடிய விலை, நிலையான கட்டணமும் ஏறும். சிக்கனமாக 60க்குள் இருந்த எங்கள் வீட்டை இந்தப் பெட்டிதான் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளியது. குஞ்சின் விலையைப் போடும்போது இதைச் சேர்க்காதவர்கள் இலாபம் என்று சொல்வது வெறும் பேச்சு.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு காட்சியை மறைக்க முடியவில்லை. ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, தொலைபேசி வெளிச்சத்தை முட்டையின் அகன்ற பக்கத்தில் பிடித்தால், உள்ளே சிவப்பு நரம்புகள் கிளை விட்டிருக்கும். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி துடிக்கும். கூழ்முட்டை வெறும் வெளிச்சமாகத் தெரியும். இதை எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்த மாணவர்கள் விஞ்ஞானப் பாடத்தில் இப்போது எழுப்பி விட்டாலும் சொல்வார்கள். விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இப்போது என் ஆசை காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குப் போகும் கப்பல். 2023 ஒக்டோபரில் ஓடத் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கிய சேவை அது. அடுத்த சீட்டு முறை அதற்குத்தான். காசு இதே மஞ்சள் பெட்டியிலிருந்துதான் வர வேண்டும்.

ஆகவே சிநேகிதிக்குத் தீர்ப்பு: வாங்க வேண்டாம். போட்ட காசை எப்போதோ திருப்பித் தந்துவிட்ட மெசினைப் பற்றி இப்படிச் சொல்வது முறையில்லை என்று தெரியும். புது மோட்டார் ஒழுங்காக ஓடி அடுத்த தொகுதி பொரித்த பிறகு கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கலாம். இன்றைக்கு இதுதான்.

அதையும் மீறி வாங்குவதென்றால் விலைக் குறைப்பைப் பார்த்து ஓடாமல், 12 வோல்ட் பற்றரியிலும் ஓடுமா என்று கேளும். பிறகு திருப்பும் மோட்டார் தனியாக விற்பனைக்கு இருக்கிறதா என்று கேளும். இருந்தால் மெசினோடு சேர்த்து அன்றைக்கே ஒன்று வாங்கி அலுமாரியில் வையும். பிறகு எடுத்துத் தருகிறோம் என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போம்.