குளச்சல் அக்கா கடை: சாளைக்குப் போகிறவர்கள் மாதம் பார்த்துப் போங்கள்

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. குளச்சல் துறைமுகத்துக்கு இறங்கும் ரோட்டில், முன்னால் நீலத் தார்ப்பாய் கட்டிய ஓட்டு வீடு. ‘அக்கா கடை’ என்று யாரிடம் கேட்டாலும் கை காட்டுவார்கள். பன்னிரண்டரைக்கு இலை போடுவார்கள், இரண்டரைக்குள் சட்டி காலி. சாப்பாடு 100 ரூபாய், மீனுக்குத் தனிக்காசு.

நெய்மீன், பாறை, கணவாய் எல்லாம் உண்டு. அதற்காக யாரும் அங்கே போக வேண்டாம். நெய்மீன் பொரித்தது எனக்குக் காய்ந்துபோய்த்தான் வந்தது, அதே காசுக்கு நாகர்கோவிலில் நல்லதாகக் கிடைக்கும். இந்தக் கடைக்குப் போவது சாளை அவியலுக்கு. வெளியூரில் மத்தி என்பார்களே, அந்த மீன்தான் சாளை. தேங்காய், சீரகம், உள்ளி, பச்சை மிளகாய், மஞ்சள் சேர்த்து அம்மியில் ஒன்றிரண்டாகச் சதைத்து, புளிமாங்காய் கீறிப் போட்டு, மண்சட்டியில் வற்ற விடுகிறார்கள். கரண்டி போட மாட்டார்கள், சட்டியைத்தான் சுழற்றுவார்கள். நல்ல சாளை என்றால் அவியலின் ஓரத்தில் மஞ்சளாக எண்ணெய் கசிந்து நிற்கும். மேலே ஊற்றுகிற தேங்காயெண்ணெய் வேறு, இது வேறு. மரச்சீனிக் கிழங்கை அந்த ஓரத்தில் தொட்டுத் தின்றுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

அந்த எண்ணெய் எல்லா மாதமும் இருக்காது, எல்லா வருடமும் இருக்காது. இணையத்தில் இந்தக் கடைக்கு அஞ்சு ஸ்டார் போட்டவரும் ‘மீன் சப்’ என்று ஒரு ஸ்டார் போட்டவரும் பொய் சொல்லவில்லை, வேறு வேறு மாதத்தில் போயிருக்கிறார்கள்.

நான் மீனெண்ணெய் கம்பெனிக்குக் கொள்முதல் பார்க்கிறவன். ஏலக்கூடத்தில் சாளையின் வயிற்றைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்துத்தான் விலை கேட்போம். மெலிந்த காலத்தில் அதன் உடம்பில் கொழுப்பு 5 சதவீதம்கூடத் தேறாது. கொழுத்த பருவத்தில் 15-ஐத் தாண்டும். அதைத் தீர்மானிப்பது ஆனி, ஆடிக் காற்று. தென்மேற்குப் பருவத்தில் நம் மேற்குக் கரையில் காற்று கரையை ஒட்டி வடக்கிலிருந்து தெற்கே வீசும். பூமி சுழல்வதால் மேல்தண்ணீர் காற்றுக்கு வலப்பக்கமாக, அதாவது ஆழ்கடல் பக்கம், ஒதுங்கிவிடும். காலியான இடத்துக்கு அடித்தண்ணீர் ஏறி வரும். அது குளிர்ந்த தண்ணீர், உரமுள்ள தண்ணீர். மே மாதம் 30 டிகிரி கிடந்த கடல் 25, 26-க்கு இறங்கும். இந்த ஏற்றம் முதலில் நம் குமரி முனைப் பக்கம் தொடங்கி, பிறகுதான் கேரளக் கரையோரமாக வடக்கே போகும். உரம் மேலே வந்து வெயில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும். அதைத் தின்றுதான் சாளை நெய் வைக்கிறது. மதராஸ் மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-களிலேயே மலபார்க் கரைச் சாளையின் வயிற்றைக் கிழித்துப் பார்த்து, எந்தப் பாசி இருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டார். அதே கடையில் பக்கத்து இலையில் இருந்த வள்ளக்காரப் பாட்டா ஒரே வரியில் முடித்தார்: “தண்ணி தணுத்தாத்தான் மக்கா சாளைக்கு நெய்யி.”

தண்ணீர் தணுக்காத, அதாவது குளிராத, வருடங்களில் என்ன ஆகும் என்பதை இந்தக் கடையின் சிலேட்டைப் பார்த்தே சொல்லலாம். வாசலில் ஒரு பள்ளிக்கூடச் சிலேட்டு. அன்றைக்கு மீன் எந்தத் துறையில் வாங்கியது என்று அக்கா எழுதிப் போடுவார். 2012-இல் கேரளத்தில் மட்டும் நாலு லட்சம் டன்னை ஒட்டிச் சாளை இறங்கியது. அதன்பிறகு சரிவு பிடித்தது, பசிபிக் கடல் சூடேறிப் பருவத்தையே குழப்புகிற எல் நினோ 2015-இல் வந்தபோது இன்னும் விழுந்தது. 2021-இல் வெறும் 3,297 டன். எங்கள் கம்பெனி பாய்லர் பாதி நாள் பற்றவில்லை. அந்தச் சமயத்தில் சிலேட்டில் ‘சாளை – ஒமான்’ என்று இருக்கும், விலையும் குறைத்திருப்பார்.

“அக்கா, இது நம்ம கடல் சாளை இல்லியே?”

“செலேட்டப் பாக்கலியா மக்கா? எழுதித்தான போட்டிருக்கேன். வேண்டாம்னா நெத்திலி இருக்கு.”

ஒமான் சாளையும் இதே இனம்தான். அங்கேயும் அடித்தண்ணீரை ஏற்றுவது இதே பருவக்காற்றுதான். ஆனால் உறைந்து வருவதால் வயிறு பிளந்து, அவியலில் சிதறிப்போகும். அதை நம்மூர் மீன் என்று சொல்லி விற்ற கடைகளில் நான் தின்றிருக்கிறேன். அதனால்தான் அந்தச் சிலேட்டுக்கே ஒரு ஸ்டார் தனியாகக் கொடுப்பேன்.

2024-இல் கதை தலைகீழ். சாளை குவிந்தது, ஆனால் எல்லாம் விரல் நீளம். பருவம் நன்றாக அமைந்து குஞ்சு ஏகமாகப் பிழைத்தது, இருந்த இரையை எல்லாம் பங்கு போட்டதில் ஒன்றும் வளரவில்லை என்று கொச்சி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் சொன்னார்கள். கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கூடாது. அக்கா அந்தப் பொடிச் சாளையை வாங்கவே இல்லை. அவருக்குச் சட்டம் பற்றிக் கவலையில்லை, “முள்ளெடுக்க யாரால முடியும்” என்றார்.

இனி எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நேர்ப்பதில் கிடையாது. கடலைவிடத் தரை வேகமாகச் சூடேறும், அதனால் கரையோரக் காற்று வலுத்து அடித்தண்ணீர் இன்னும் அதிகமாக ஏறும் என்று கடல் ஆய்வாளர் ஆண்ட்ரூ பேக்குன் 1990-இல் ஒரு கணக்குச் சொன்னார். கலிபோர்னியா, பெரு, தென்மேற்கு ஆப்பிரிக்கக் கரைகளில் அதற்குச் சாட்சி கிடைத்தது, எல்லாக் கரையிலும் இல்லை. இங்கே வேறு ஒரு சிக்கல். அரபிக் கடலின் மேல்தண்ணீர் சூடேறிக்கொண்டே போகிறது. சூட்டுத்தண்ணீர் கனம் குறைந்தது, கனமான குளிர்தண்ணீரின் மேல் மூடி போட்டதுபோல் கிடக்கும். காற்று எவ்வளவு இழுத்தாலும் உரமில்லாத மேலடுக்குத் தண்ணீரே திரும்ப வரும். ஆழத்திலிருந்து வந்தாலும் பிராணவாயு குறைந்த தண்ணீராக வந்து மீனை விரட்டுவதும் உண்டு. 2025-இல் பனாமா வளைகுடாவில் வருடா வருடம் தவறாமல் நடந்த ஏற்றம், 40 வருடப் பதிவில் முதல்தடவையாக நடக்கவே இல்லை. காரணம் காற்று தவறியது. நம் சாளையோ சில பத்தாண்டுகளாகக் கிழக்குக் கரைக்கும் போய் ராமேஸ்வரம், சென்னை வரை வலையில் விழுகிறது. சென்னைக்காரர்கள் இனிமேல் குளச்சல் வர வேண்டாம் என்றால் எனக்கு வருத்தம்தான்.

புரட்டாசிக் கடைசி முதல் கார்த்திகை வரை போகிறவர்கள் அவியலுக்கு நாலரை ஸ்டார் போடலாம். சித்திரை, வைகாசி என்றால் இரண்டரை, அதுவும் கிழங்குக்காக. ஜூன், ஜூலையில் மேற்குக் கரைக்கு விசைப்படகுத் தடை, வள்ளத்து மீன் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் சாம்பார் ஊற்றுவார்கள். அந்தச் சாம்பாரைத் தவிருங்கள். கழுவுமிடத்தில் சோப்பு இருக்காது, சாளை வாசனை சாயங்காலம் வரை கையில் நிற்கும். ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை, கடையும் இல்லை.