தாராவி: அடுக்குமாடியா, சங்கமே கட்டுவதா, மனை உரிமையா?

தாராவி மறுசீரமைப்பைப் பற்றிய வாக்குவாதம் பெரும்பாலும் எத்தனை மாடி என்பதிலேயே நின்றுவிடுகிறது. அங்கே குடியிருக்கும் குடும்பத்துக்கு அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு: எந்தத் தேதிக்கு முன் குடியேறினார்கள், எந்தத் தளத்தில் இருக்கிறார்கள்? மூன்று வழிகளையும் இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் எடை போட வேண்டும்.

முதலாவது, இப்போது நடந்துவரும் திட்டம். 2022 ஏலத்தில் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் எடுத்தது. திட்ட நிறுவனத்தில் அந்தக் குழுமத்துக்கு 80 சதவீதம், மகாராஷ்டிர அரசுக்கு 20 சதவீதம். 1-1-2000க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். மும்பையின் மற்ற குடிசை மாற்றுத் திட்டங்களில் கிடைப்பது 300 சதுர அடிதான். 2000க்கும் 2011க்கும் இடையில் வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி. அதற்குப் பின் 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும் மாலாவில், அதாவது மேல்தளத்தில், இருப்பவர்களுக்கும் வெளியே வாடகை வீடு. தவணை கட்டி அதைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம்.

தரைத்தளத்தில் கோலி, அதாவது ஓர் அறை வீடு, வைத்திருப்பவருக்கு இது உண்மையிலேயே லாபம். வீட்டுக்குள் கழிப்பறை, குழாயில் தண்ணீர், பெயரில் வீடு. பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றே வாழ்நாளைக் கழித்தவர்கள் "சீக்கிரம் கட்டட்டும்" என்பதில் எந்தத் தவறும் இல்லை. திட்டத்தை எதிர்ப்பவர்கள் இதைக் குறைத்துப் பேசக் கூடாது.

கணக்கு பிசகுவது வேறிடத்தில். பத்துக்குப் பதினைந்து அடிக் கோலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தரை 150 சதுர அடி, மேலே இரண்டு மாலா சேர்த்து 300, மொத்தம் 450. கீழே உரிமையாளர் குடும்பம், நடுவில் பட்டறை, உச்சியில் வாடகைக் குடும்பம். இடித்தபின் உரிமையாளருக்கு 350 சதுர அடி கிடைக்கும். ஆனால் மாலா வாடகை நின்றுபோகும், வாடகைக் குடும்பம் தாராவிக்கு வெளியே போகும், பட்டறைக்குத் தனியாகத் தகுதி காட்ட வேண்டும். தகுதியுள்ள கடைக்கோ பட்டறைக்கோ இலவச அளவு 225 சதுர அடி. தோல் பை தைக்கும் பட்டறை அதற்குள் அடங்கலாம். 13-ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரித்து, கழுவி, காயவைத்து, அரைக்கும் வேலை அடங்காது. குயவர்கள் வாழும் கும்பார்வாடாவின் சூளைக்கும் அப்படித்தான்: மண் குழைக்கத் தரை வேண்டும், பானை உலர வெயில் வேண்டும், புகைக்கு வெளி வேண்டும். தமிழ்க் குடும்பங்களின் இட்லி, முறுக்குத் தொழிலும் தரையைச் சார்ந்ததே. மாவு, விறகு, அண்டா, கழிவுநீர், விடியுமுன் கிளம்பும் சைக்கிள் இவ்வளவையும் பன்னிரண்டாம் மாடிக்கு லிஃப்டில் ஏற்ற முடியாது.

உயரத்தால் வரும் சிக்கலும் உண்டு. அது மாடி எண்ணிக்கையை விட இடைவெளியைப் பொறுத்தது. கோவண்டி, மான்குர்ட் பகுதி மறுவாழ்வுக் குடியிருப்புகளில் கட்டடங்களுக்கிடையே ஏறத்தாழ 3 மீட்டர்தான் விட்டார்கள். கீழ்த்தளங்களுக்கு வெயிலும் காற்றும் எட்டவில்லை. அங்கே காசநோய் பரவுவதற்கும் அந்த அமைப்புக்கும் உள்ள தொடர்பை மருத்துவ ஆய்வு காட்டியது. ஆகவே வரைபடம் பார்க்கும்போது மாடியை எண்ணுவதற்கு முன் இரு கட்டடங்களுக்கு நடுவிலுள்ள தூரத்தைக் கேளுங்கள். அடுத்து பராமரிப்புச் செலவு. லிஃப்ட், மோட்டார், தீயணைப்புக் குழாய் என்று மாதாமாதம் பணம் கேட்கும். கட்ட முடியாத குடும்பம் வீட்டை விட்டுவிட்டு மறுபடி குடிசைக்கே போவது மும்பைக்குப் புதிதல்ல.

எதிர்ப்பு தாராவிக்கு உள்ளிருந்து மட்டும் வரவில்லை. வெளியே அனுப்பப்படுபவர்களுக்காக முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் உப்பளங்களும் குர்லா பால்பண்ணை நிலமும் ஒதுக்கப்பட்டதும் அந்தப் பகுதி மக்கள் கொதித்தெழுந்தார்கள். குர்லாக்காரர்கள் கேட்டது பூங்கா. உப்பளம் தாழ்வான நிலம், மழைநீரை வாங்கிக்கொள்ளும் இடம் என்பதால் அந்தக் கவலையும் நியாயமானதே. தகுதிக் கோட்டை இவ்வளவு குறுக்கி வரையாமல் இருந்திருந்தால் இந்தச் சண்டைகளில் பாதி வந்தேயிருக்காது.

இரண்டாவது, குடியிருப்போர் சங்கம் பதிந்து தாங்களே பில்டரைத் தேர்ந்தெடுப்பது. குடிசை மாற்று ஆணையத்தின் பொது விதிப்படி 51 சதவீதத்தினர் சம்மதம் தேவை. தாராவித் திட்டத்தில் இந்தச் சம்மதமே கேட்கப்படுவதில்லை. உள்ளூர்க் கோபத்துக்கு இது பெரிய காரணம். சங்க வழியில் பேரம் பேசும் பலம் மக்களிடம் இருக்கும், கட்டடமும் சிறியதாக இருக்கும். தாராவியில் பழைய ஏழு மாடிக் கட்டடங்கள் பல இப்படி வந்தவைதான். ஆபத்து பில்டரின் கைமுதலில் இருக்கிறது. வெளியாருக்கு விற்பதற்காக அவர் கட்டும் பகுதி விலை போகவில்லையென்றால் அவர் தரும் இடைக்கால வாடகை நின்றுவிடும், கோலியும் இடிந்திருக்கும், வீடும் எழும்பியிருக்காது. தாராவி முழுவதையும் ஒரே திட்டப் பகுதியாக்கிய பிறகு புதிதாக இந்த வழியில் போவது மிகக் கடினம்.

மூன்றாவது, மனை உரிமையைக் கொடுத்து, சாக்கடையும் தண்ணீரும் அரசு போட்டு, வீட்டை மக்களே படிப்படியாகக் கட்டுவது. மும்பையிலேயே 1985இல் உலக வங்கித் திட்டத்தில் குடிசைச் சங்கங்களுக்கு 30 ஆண்டுக் குத்தகை கொடுத்தார்கள். ஒடிசா 2017 சட்டத்தின் மூலம் சிறு நகரங்களில் குடிசைவாசிகளுக்கு மனை உரிமை வழங்கியது. அதை விற்க முடியாது, வாரிசுக்குப் போகும், அடகு வைத்துக் கடன் வாங்கலாம். தொழிலும் வாடகையும் குலையாமல் காப்பாற்றும் வழி இது ஒன்றுதான். ஆனால் பாந்த்ரா–குர்லா வணிக வளாகத்தை ஒட்டிய நிலத்தில் விற்பனைப் பங்கை எந்த அரசும் எளிதில் கைவிடாது. தீயணைப்பு வண்டிக்கு வழி விட்டால் சில கோலிகளை நகர்த்தியே ஆக வேண்டும் என்பதும் உண்மை.

எங்கள் கருத்து கலப்பு முறைக்கே: தங்க மட்டும் இடம் வேண்டியவர்களுக்கு உயரக் கட்டடம், கும்பார்வாடா, 13-ஆம் காம்பவுண்ட் போன்ற தொழில் பகுதிகளில் தரையோடு ஒட்டிய இரண்டு மூன்று மாடி, மாலாக்காரர்களுக்கும் தாராவிக்குள்ளேயே வாடகை வீடு.

அதுவரை செய்ய வேண்டியது ஆவண வேலை. மின் கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை, ஆதார் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றா என்று பாருங்கள். தமிழர்களுக்கு இன்ஷியல்தான் பெரிய தொல்லை: ஓர் ஆவணத்தில் வெறும் எழுத்து, இன்னொன்றில் அப்பா பெயர், மூன்றாவதில் ஊர்ப் பெயர் குடும்பப் பெயராக. கணக்கெடுப்பில் இவை மூன்று ஆட்களாகத் தெரியும். பிரமாணப் பத்திரம் எழுதி ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். மாலாவுக்குத் தனி மீட்டர் இருந்தால் அதன் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அனெக்ஷர்-2 எனப்படும் தகுதிப் பட்டியலின் வரைவு ஒட்டப்பட்டதும் பெயர், தளம், பயன்பாடு மூன்றையும் சரிபார்த்து, தவறிருந்தால் கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.